ரொறன்ரோ ஜி.ரி.எச்.எல். பிள்ளைகள் ஹொக்கி: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து அரீனாக்களின் வாசலில் நின்று தமிழ்ப் பெற்றோர் கேட்கும் சந்தேகங்கள் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை எழுதிப் பதில் தந்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பிள்ளை ஏற்கெனவே ஹவுஸ் லீக்கில் விளையாடுகிறது என்றால் 8ஆம் கேள்வியிலிருந்து வாசித்தால் போதும்.

1. ஜி.ரி.எச்.எல்., ஜி.ரி.எச்.எல். என்று எல்லாரும் சொல்லுறாங்கள். அது என்ன, ஒரு கிளப்பா?

கிளப் இல்லை. பல கிளப்புகள் சேர்ந்து விளையாடும் லீக். முழுப்பெயர் கிரேற்றர் ரொறன்ரோ ஹொக்கி லீக். 1911இல் ரொறன்ரோவின் கிழக்கே பீச்சஸ் பகுதியில் சிறிதாகத் தொடங்கி, பிறகு மெற்றோபொலிற்றன் ரொறன்ரோ ஹொக்கி லீக் ஆகி, 1998இல் இன்றைய பெயருக்கு வந்தது. ரொறன்ரோ, மிசிசாகா, வோன், மார்க்கம் ஆகிய இடங்கள் இதன் எல்லைக்குள் வரும். ரொறன்ரோ மார்ல்பரோஸ், டொன் மில்ஸ் ஃப்ளையர்ஸ், ரொறன்ரோ ஜூனியர் கனேடியன்ஸ், வோன் கிங்ஸ் என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள்தான் கிளப்புகள்.

மேலே ஹொக்கி கனடா, அதன் கீழே ஒன்ராறியோ ஹொக்கி சம்மேளனம், அதன் கீழே ஜி.ரி.எச்.எல். விதி ஏதும் விளங்காவிட்டால் இந்த மூன்றில் எது போட்ட விதி என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

2. மகனுக்கு எட்டு வயது. ஸ்கேட் பண்ணவே தெரியாது. பிந்திவிட்டமோ?

ஹொக்கி விளையாடப் பிந்தவில்லை. வருகிற வருடமே உச்சப் போட்டி நிலையான ட்ரிபிள் ஏ அணியில் சேர்க்க நினைத்தால் பிந்திவிட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். இந்த விளையாட்டில் பக்கை (ஸ்ரிக்கால் அடிக்கும் ரப்பர் வட்டை) கையாளுவதை வீட்டு நிலவறையிலும் பழகலாம். ஸ்கேட்டிங்கை ஐஸில் மட்டும்தான் பழகலாம். ஆகவே முதல் ஆறு மாதக் காசு முழுவதும் ஸ்கேட்டிங்குக்கே போகட்டும். நகரசபையின் ஸ்கேட்டிங் வகுப்பு, ஸ்கேட் கனடாவின் கான்ஸ்கேட் வகுப்பு, இரண்டில் எது வீட்டுக்குக் கிட்டவோ அது. குளிர்காலத்தில் நகரசபையின் வெளி ஐஸ் தளங்களில் பொது ஸ்கேட்டிங்குக்குக் கட்டணம் இல்லை. வகுப்பில் படித்ததை அங்கே கொண்டுபோய்ப் பழகினால்தான் காலில் பிடிபடும்.

ஒருபோதும் ஹொக்கிக்குப் பதியாத 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லும் அதன் வீரர் சங்கமும் நடத்தும் 'ஃபெர்ஸ்ட் ஷிஃப்ட்' திட்டம் இருக்கிறது. ஒரே கட்டணத்தில் தலை முதல் கால் வரை புதுச் சாமானும் ஆறு ஐஸ் வகுப்புகளும் கிடைக்கும். சாமானின் கடை விலையோடு பார்த்தால் அரைவாசியும் வராது. இடங்கள் விரைவாக முடியும், பதிவு திறக்கும் நாளைக் குறித்துவையுங்கள்.

3. யூ9, யூ11 என்றால் என்ன? பிள்ளை எந்தப் பிரிவு?

'யூ' என்பது அந்த வயதுக்குக் கீழ். வயதைக் கணிப்பது அந்தப் பருவத்தின் டிசம்பர் 31இல். சுலபமான கணக்கு: பருவம் தொடங்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 2015இல் பிறந்த பிள்ளைக்கு 2025-26 பருவத்தில் 10 கூட்டல் 1, யூ11. ஜனவரியில் பிறந்தாலும் டிசம்பரில் பிறந்தாலும் ஒரே பிரிவுதான். அதன் பலாபலன் 18ஆம் பதிலில்.

பழைய ஆட்கள் நொவிஸ், அற்றம், பீவீ, பான்ரம், மிட்ஜெற் என்று சொல்லுவார்கள். அவைதான் 2020இலிருந்து முறையே யூ9, யூ11, யூ13, யூ15, யூ18 ஆயின. 'மைனர்' என்று முன்னால் சேர்த்தால் அந்தப் பிரிவின் இளைய வருடம்: மைனர் மிட்ஜெற் என்பது யூ16.

யூ9 வரையுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் அரை ஐஸில்தான் விளையாடுவார்கள். 'முழு ஐஸ் தராமல் ஏமாற்றுகிறார்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது ஹொக்கி கனடாவின் விதி. இருநூறு அடி நீளத் தளத்தில் எட்டு வயதுப் பிள்ளை பக்கைத் துரத்திக்கொண்டே இருக்கும், தொடாது. அரை ஐஸில் அடிக்கடி தொடும்.

4. ஹவுஸ் லீக், செலெக்ட், ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ: என்ன வித்தியாசம்?

ஹவுஸ் லீக்கில் பதிந்தால் இடம் உண்டு, யாரையும் கழிப்பதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஐஸ். செலெக்ட் என்பது ஹவுஸ் லீக் பிள்ளைகளில் நல்லவர்களைச் சேர்த்து மேலதிகமாக விளையாடும் அணி. ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ மூன்றும் தெரிவு செய்து எடுக்கும் போட்டி நிலைகள், யூ10 வயதிலிருந்து. ட்ரிபிள் ஏ உச்சம்.

பெயரைப் பார்த்து ஏ நிலையைக் கீழானது என்று நினைப்பவர்கள் அதிகம். ஏ அணிக்குள் வருவதற்கே பிள்ளை இரண்டு பக்கமும் கால் குறுக்கே போட்டுத் திரும்பவும், பின்னோக்கி வேகமாகப் போகவும், இரு பக்கமும் சறுக்கி நிற்கவும் வேண்டும். டபிள் ஏயில் முதல் வரிசையில் ஓடும் பிள்ளை, ட்ரிபிள் ஏயில் மூன்றாம் வரிசையில் குந்தியிருக்கும் பிள்ளையைவிட விரைவாக முன்னேறுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பக் ஸ்ரிக்கில் படும் நேரம்தான் கணக்கு.

5. சாமான் என்னென்ன வேணும்? எதைப் பழசாக வாங்கலாம்?

தலைக்கவசமும் முகக் கூடும், கழுத்துக் காப்பு, தோள் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, இடுப்புக் காப்பு உள்ள அரைக்காற்சட்டை, ஹொக்கிக் காற்சட்டை, முழங்கால் காப்பு, காலுறை, ஸ்கேட், ஸ்ரிக், வாய்க் காப்பு, ஒரு பெரிய பை.

தலைக்கவசத்தைப் புதிதாக வாங்குங்கள். தலைக்கவசத்திலும் முகக் கூட்டிலும் சி.எஸ்.ஏ. (கனடாவின் தரச் சான்று அமைப்பு) முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். முத்திரை உரிந்தாலோ, கவசத்தில் துளை போட்டாலோ, பெயின்ற் அடித்தாலோ ஐஸில் இறங்க விடமாட்டார்கள். கழுத்துக் காப்பு பி.என்.கியூ. (கியூபெக்கின் தரச் சான்று அமைப்பு) முத்திரை உள்ளதாக இருக்கவேண்டும். 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் அடம் ஜோன்சன் என்ற தொழில்முறை வீரர் ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு இறந்தபின் பெரியவர்களின் லீக்குகளும் இதற்கு மாறத் தொடங்கின. கனடாவில் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே கட்டாயம். தோள் காப்பு, காற்சட்டை, முழங்கால் காப்பு எல்லாம் பழசு போதும். பிள்ளை ஒரு பருவத்தில் வளர்ந்துவிடும்.

ஸ்ரிக் நீளம்: ஸ்கேட் போட்டு நிற்கையில் நாடிக்கு வரவேண்டும், காலுறையோடு நிற்கையில் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே. ஸ்ரிக் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் 'ஃப்ளெக்ஸ்' எண், பிள்ளையின் எடையை இறாத்தலில் எடுத்து அதில் பாதி. 70 இறாத்தல் பிள்ளைக்கு 35 அளவில். மூத்த பிள்ளையின் ஸ்ரிக்கை அரிந்து கொடுத்தால் அது இன்னும் விறைத்துவிடும். பிறகு 'இவனுக்குப் பக் எழும்புதில்லை' என்று கோச்சிடம் குறை சொல்வதில் பயனில்லை.

6. சப்பாத்து அளவிலேயே ஸ்கேட் வாங்கினம். கணுக்கால் உள்ளே சாயுது, கால் நோகுது என்கிறான்.

அளவு பெரிதாகிவிட்டது. ஹொக்கி ஸ்கேட் சப்பாத்து அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு குறைவாக இருக்கும். கயிறு கட்டாமல் காலை உள்ளே விட்டு விரல்களை முன் நுனிவரை தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் மட்டும் போகவேண்டும். இரண்டு விரல் போனால் பெரிது. 'அடுத்த வருடமும் போடலாம்' என்று வாங்கும் ஸ்கேட்டில் பிள்ளை ஒரு வருடத்தைத் தொலைக்கும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

கயிறு கட்டுவதிலும் பிழை விடுகிறோம். குதிக்காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, விரல் பக்கம் இலேசாகவும் கணுக்கால் வளைவில் இறுக்கமாகவும், மேல் இரண்டு கண்களில் சற்றுத் தளர்வாகவும் கட்டுங்கள். மேலே இறுக்கினால் முழங்கால் மடங்காது.

கூர்: அரை அங்குலக் குழிவு என்று கடையில் கேளுங்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரி. நகத்தைக் கத்தியின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளைப் பொடி சீவி வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கிப் போனால் தீட்டவேண்டும். ஐந்து முதல் பத்து மணி நேர ஐஸுக்கு ஒருமுறை தீட்டுவது வழக்கம். புது ஸ்கேட்டைக் கடையில் தீட்டித்தான் கையில் வாங்கவேண்டும், பெட்டியில் வருவது கூர் இல்லாதது.

7. உடுப்பு மாட்டவே அரை மணித்தியாலம் போகுது. ஒழுங்கு ஏதும் இருக்கா?

இருக்கிறது. கீழிருந்து மேலே: இடுப்புக் காப்பு, முழங்கால் காப்பு, காலுறை, காற்சட்டை, ஸ்கேட். அதன் பிறகுதான் தோள், முழங்கை, கழுத்து, ஜேர்சி, தலைக்கவசம். தோள் காப்பை முதலில் போட்டால் பிள்ளையால் குனிந்து ஸ்கேட்டைத் தொடமுடியாது, அங்கேதான் உங்கள் அரை மணித்தியாலம் போகிறது. வீட்டில் கம்பளத்தில் நான்கு முறை போட்டுக் கழற்றிப் பழக்குங்கள்.

உடை மாற்றும் அறையில் கைத்தொலைபேசி எடுக்கக்கூடாது, படம் பிடிக்கவே கூடாது. பெரியவர்கள் இருவராகத்தான் அறையைக் கண்காணிப்பார்கள். பிள்ளைகள் உள்ளே ரீசேட்டும் அரைக்காற்சட்டையும் போட்டபடி வருவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். மூடிவைத்த பை மறுநாள் கராஜ் முழுக்க நாறும்.

8. ட்றைஅவுட் எப்ப? அங்கே என்ன பார்க்கிறாங்கள்?

ட்றைஅவுட் என்பது அணிக்கு ஆள் தெரிவு செய்யும் ஐஸ். பருவம் முடிந்த கையோடு, வசந்தத்தில் நடக்கும். சரியான தேதிகளை ஒவ்வொரு வருடமும் லீக் அறிவிக்கும். நிலைக்கு நிலை சில நாட்களே இடைவெளி. ட்ரிபிள் ஏக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு யோசிப்போம் என்று இருந்தால், அதற்குள் டபிள் ஏ, ஏ இடங்களும் நிரம்பிவிடும். இரண்டு நிலைகளுக்குப் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு ஐஸுக்கும் தனிக் கட்டணம்.

முதல் பத்து நிமிடத்திலேயே ஸ்கேட்டிங் தெரிந்துவிடும்: இடப்பக்கம் திரும்புவது வலப்பக்கம் போலவே இருக்கிறதா, பின்னோக்கிப் போகும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா, மூலையில் பக்குக்காகப் போகிறதா இல்லை வெளியே நிற்கிறதா. கோல் போடுவதைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படும் அளவுக்குக் கோச்மார் கவலைப்படுவதில்லை. அன்றைக்கே புது ஸ்கேட் போடாதீர்கள், முதல் நாள் தீட்டிய பழைய ஸ்கேட்டே போதும்.

வெளிப்படையாகச் சொன்னால், மேல் நிலைகளில் பல இடங்கள் ட்றைஅவுட்டுக்கு முன்னரே வாய்ப்பேச்சில் முடிந்திருக்கும். ஒரு அணியில் பொதுவாக 9 முன்வரிசை, 6 தற்காப்பு, 2 கோலி என 17 பேர். 'உங்களிடம் உண்மையாக எத்தனை இடம் திறந்திருக்கிறது?' என்று கோச்சிடம் நேரே கேளுங்கள். மரியாதையான கேள்விதான், பெரும்பாலும் பதிலும் வரும். ஆனால் பருவம் நடக்கும்போது இன்னொரு கிளப்பின் கோச் உங்கள் பிள்ளையைக் கேட்டு இரகசியமாக வந்தால் அது விதிமீறல். நீங்களும் மாட்டுப்படுவீர்கள்.

9. நாங்கள் ஏஜாக்ஸில். ஸ்காபரோ அணிக்கு வரலாமா?

ஜி.ரி.எச்.எல். எல்லைக்குள் குடியிருப்பவர்கள் அதன் எந்தக் கிளப்புக்கும் போகலாம், வட்டாரக் கட்டுப்பாடு இல்லை. ஸ்காபரோப் பிள்ளை மிசிசாகாவில் விளையாடலாம், ஓட்டுவதற்கு உங்களுக்கு உடம்பு இருந்தால். ஏஜாக்ஸ், பிக்கரிங், பிரம்ரன் எல்லாம் ஓ.எம்.எச்.ஏ. என்ற வேறு அமைப்பின் எல்லை. அங்கிருந்து வருவதற்குச் சம்மேளனத்தின் இருப்பிட விதிகள் குறுக்கே வரும், அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. ட்றைஅவுட்டுக்குக் காசு கட்டமுன் உங்கள் முகவரியைச் சொல்லி கிளப்பின் பதிவாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கோச் 'பிரச்சினை இல்லை' என்று சொல்வது பதில் அல்ல. மார்க்கத்தில் இரண்டு அமைப்பின் அணிகளும் இருப்பதால் அங்குள்ளவர்கள் எது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10. உண்மையாக எவ்வளவு முடியும்?

ஒரே தொகை சொல்ல வழி இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு அணியும் தன் வரவுசெலவைத் தானே போடுகிறது. ட்ரிபிள் ஏயில் ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டொலர் என்பது உறுதி. பயணம், விடுதி, தனிப் பயிற்சி, கோடைக்காலப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும் வீடுகள் உண்டு. ஹவுஸ் லீக் அதில் ஒரு சிறு பங்கு.

கையெழுத்துப் போடமுன் கேட்கவேண்டியவை: எழுத்திலான வரவுசெலவுப் பட்டியல். அதில் எத்தனை ஐஸ், எத்தனை சுற்றுப்போட்டி, விடுதி உள்ளேயா வெளியேயா, கோச்சுக்குச் சம்பளம் எவ்வளவு, உடுப்புச் செலவு எவ்வளவு? அணியின் வங்கிக் கணக்கில் கையெழுத்து வைப்பவர் யார்? பிள்ளை டிசம்பரில் காயப்பட்டால் எவ்வளவு திரும்பும்? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு எழுதித் தர மறுக்கும் அணியை விட்டுவிடுங்கள்.

கட்டமுடியாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. கிட்ஸ்போர்ட், கனேடியன் ரயரின் ஜம்ப்ஸ்ரார்ட் இரண்டும் பதிவுக் கட்டணத்துக்கு உதவும் அமைப்புகள். வருமான அத்தாட்சி தயாராக வைத்து, பதிவு திறக்க முன்னரே விண்ணப்பியுங்கள்.

11. பதியும்போது ஏதோ ஒன்லைன் வகுப்பு படிக்கச் சொல்லுறாங்கள். பிள்ளைக்கா எங்களுக்கா?

உங்களுக்கு. 'ரெஸ்பெக்ற் இன் ஸ்போர்ட்' பெற்றோர் பாடத்தை வீட்டில் ஒருவர் முடித்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முடித்த சான்று இலக்கம் பதிவோடு சேராவிட்டால் பிள்ளை நிலுவையில் நிற்கும். பெஞ்சில் நிற்க விரும்பும் அப்பா, அம்மாவுக்குப் பொலிஸ் சான்றும் தனிப் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு பெஞ்சிலும் சான்று பெற்ற ட்ரெய்னர் (காயங்களைக் கவனிப்பவர்) ஒருவர் கட்டாயம். தமிழ்ப் பெற்றோரில் யாராவது அந்த வகுப்பை எடுத்தால் அணிக்கு உதவி, பிள்ளைக்கு அருகிலும் நிற்கலாம்.

12. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிறு மிருதங்கம். என்ன செய்யிறது?

ஹவுஸ் லீக் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம், நேரம் ஓரளவு நிலையானது. ஏ நிலையிலிருந்து முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். செப்ரெம்பரிலிருந்து மார்ச் வரை வாரத்துக்கு இரண்டு பயிற்சி, ஒன்றிரண்டு போட்டி, நடுவே மூன்று நாள் சுற்றுப்போட்டிகள். அட்டவணை மாதத்துக்கு மாதம் மாறும். தமிழ் வகுப்பை வார நாள் மாலைக்கோ ஒன்லைனுக்கோ மாற்றமுடியுமா என்று ஓகஸ்டிலேயே ஆசிரியரிடம் கதையுங்கள், ஒக்ரோபரில் கதைத்தால் இடம் இருக்காது. அரங்கேற்றம் உள்ள வருடத்தில் ட்ரிபிள் ஏக்குப் போகாதீர்கள். இரண்டும் கெடும்.

13. போட்டிக்கு முன் என்ன குடுக்கலாம்?

மூன்று மணித்தியாலத்துக்கு முன் வழக்கமான சாப்பாடு: இடியப்பமும் சொதியும், சோறும் பருப்பும் கோழியும், எதுவும் சரி. எண்ணெயும் உறைப்பும் குறைவாக. ஒரு மணித்தியாலம் இருக்கையில் வாழைப்பழம், தண்ணீர். அரீனாவுக்குப் போகும் வழியில் ரோல்ஸும் பற்றிஸும் வேண்டாம், இரண்டாம் பகுதியில் பிள்ளை வயிற்றைப் பிடிக்கும். ஒரு ஷிஃப்ட் என்பது முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது. நிறைந்த வயிறு அதைத் தாங்காது.

14. உடம்பால் மோதிறது எந்த வயதில் தொடங்கும்?

2013இல் ஹொக்கி கனடா யூ13உம் அதற்குக் கீழும் மோதலை நீக்கிவிட்டது. யூ14 வயதிலிருந்து மேல் நிலைகளில் உண்டு. ஹவுஸ் லீக்கில் எந்த வயதிலும் இல்லை, ஏ நிலையிலும் இல்லை. உங்கள் பிள்ளையின் பிரிவுக்கு அந்தப் பருவத்தில் என்ன விதி என்பதை ட்றைஅவுட்டுக்கு முன்பே கிளப்பிடம் உறுதிசெய்யுங்கள்.

ஆபத்து முதல் வருடத்தில்தான். ஒரே அணியில் ஒருவன் மீசை முளைத்து நிற்பான், மற்றவன் இன்னும் சின்னப்பிள்ளை. அதற்கு முந்திய பருவத்திலேயே ஐஸைச் சுற்றியுள்ள பலகைக்கு எதிரில் எப்படி நிற்பது, மோதலை எப்படி வாங்குவது என்று கற்றுத்தரும் பயிற்சிக்கு அனுப்புங்கள். பலகையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, அதற்கு முகம் கொடுத்துப் பக்கை எடுக்கும் பிள்ளைதான் கழுத்தை முறிக்கும் நிலையில் இருக்கிறது. பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டாக நிற்கவேண்டும்.

15. தலையில் அடிபட்டுது, ஆனால் 'ஓகே' என்கிறான். விளையாட விடலாமா?

விடக்கூடாது. ஒன்ராறியோவில் 2018இல் நிறைவேறிய 'றோவன் சட்டம்' இதற்காகவே வந்தது. ரகர் விளையாடி 2013இல் தலைக்காயத்தால் இறந்த பள்ளி மாணவியின் பெயரில் அமைந்தது. சந்தேகம் என்றாலே பிள்ளை வெளியே வரவேண்டும், மருத்துவரோ நேர்ஸ் பிராக்ரிஷனரோ பார்த்து அனுமதி தராமல் திரும்ப இறங்கக்கூடாது. பதியும்போது வருடாவருடம் நீங்கள் வாசித்ததாக உறுதி கொடுக்கும் தாளும் அதுதான், வாசிக்காமல் அழுத்திவிடாதீர்கள். தலையிடி, வெளிச்சம் கூசுதல், சத்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல்: இவை மறுநாள் காலையிலும் தொடங்கலாம். ட்ரெய்னர் 'வேண்டாம்' என்றால் கோச்சும் மாற்றமுடியாது, நீங்களும் முடியாது.

16. முழுக் காசும் கட்டினம். மகனைக் கோச் பெஞ்சிலேயே வச்சிருக்கிறார்.

போட்டி நிலைகளில் சம நேரம் தருவதாக எந்த உறுதியும் இல்லை. கட்டிய காசு பயிற்சிக்கும் அணியில் இடத்துக்கும். ஒரு கோல் பின்னால் நிற்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் கோச் ஆறேழு பேரையே சுற்றி இறக்குவார். அதையே முதல் பகுதியிலிருந்து, ஒவ்வொரு போட்டியிலும் செய்தால்தான் கதைக்க விடயம் இருக்கிறது.

போட்டி முடிந்து 24 மணித்தியாலம் பொறுத்துத்தான் கோச்சுடன் கதைக்கலாம் என்பது பெரும்பாலான அணிகளின் விதி. அணி முகாமையாளர் ஊடாக நேரம் கேளுங்கள். 'ஏன் இறக்கவில்லை' என்று தொடங்காமல் 'எந்த இரண்டு விடயத்தில் முன்னேறவேணும்' என்று கேளுங்கள். மற்றப் பிள்ளையின் பெயரை எடுக்காதீர்கள். வாகனத்தில் வீட்டுக்கு வரும்போது போட்டியைப் பற்றிப் பிள்ளையாகத் தொடங்கினால் மட்டும் கதையுங்கள்.

17. எதிரணிப் பிள்ளை நிறத்தைச் சொல்லித் திட்டினவன். கோச் 'விட்டுவிடுங்கோ' என்கிறார்.

விடவேண்டாம். ஹொக்கி கனடா விதிப் புத்தகத்தில் 11.4 இதற்கென்றே இருக்கிறது: இனம், நிறம், மதம், மொழி போன்றவற்றைச் சொல்லி இழிவுபடுத்தினால் மிகக் கடுமையான தண்டனை, அந்தப் போட்டியோடு முடியாது. நடுவர் காதில் விழாவிட்டாலும் பதிவாகும். பிள்ளையோ காப்டனோ அந்தக் கணமே நடுவரிடமோ பெஞ்சிலோ சொல்லவேண்டும். கோச் போட்டித் தாளில் எழுதவைக்க வேண்டும்.

அன்றிரவே எழுதிவையுங்கள்: தேதி, அரீனா, எந்தப் பகுதி, கடிகாரத்தில் நேரம், சொன்னவரின் ஜேர்சி இலக்கம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் இலக்கம். அதைக் கிளப் தலைவருக்கும் லீக்குக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முறைப்பாடு தள்ளுபடியாவது பெரும்பாலும் ஜேர்சி இலக்கம் இல்லாததால்தான்.

18. மகன் டிசம்பர் 20. நல்லா விளையாடுறான், ஆனால் ஒவ்வொரு வருடமும் கழிச்சு விடுறாங்கள்.

3ஆம் பதிலில் சொன்ன கணக்கின் விளைவு இது. ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத வித்தியாசம், ஒன்பது வயதில் அது உயரத்திலும் பலத்திலும் கண்ணுக்குத் தெரியும். பெரிய பிள்ளைக்கு இடம், இடத்தோடு நல்ல ஐஸ், நல்ல ஐஸோடு நல்ல கோச். கனேடிய ஹொக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதை உளவியலாளர் றொஜர் பான்ஸ்லி 1980களிலேயே காட்டிவிட்டார்.

செய்யக்கூடியது: ஒரு நிலை கீழே, அதிகம் பக் தொடும் அணியில் விட்டு, மேல் அணி ஒன்றில் 'அஃபிலியேற்' வீரராகப் பதியமுடியுமா என்று கேளுங்கள். மேல் அணியில் ஒருவர் காயப்பட்டால் கூப்பிடுவார்கள், அந்தக் கோச்சும் பிள்ளையைப் பழகிக்கொள்வார். வளர்ச்சி பதின்மூன்று பதினான்கில் சமப்படும். அதுவரை ஸ்கேட்டிங் கெடாமல் பார்த்துக்கொண்டால் கதவு மூடவில்லை.

19. நடுவில் அணி மாறலாமா?

கையெழுத்துப் போட்டால் பருவம் முடியும்வரை அந்த அணிக்குத்தான். விடுவிப்பது கிளப்பின் கையில், அதுவும் வழமையாக ஜனவரி 10க்கு முன்பு. கட்டணப் பாக்கி இருந்தால் தாள் நகராது. காசு திரும்புவது நீங்கள் 10ஆம் பதிலில் வாங்கிய எழுத்தைப் பொறுத்தது. பாதுகாப்புப் பிரச்சினை என்றால் அது வேறு வழி, முறைப்பாடாகக் கொண்டுபோங்கள், மாற்றமாகக் கேட்காதீர்கள்.

20. மகளும் விளையாட ஆசைப்படுறாள்.

இரண்டு வழி. பெண்களுக்கென்றே ஒன்ராறியோ பெண்கள் ஹொக்கிச் சங்கத்தின் கீழ் தனிக் கிளப்புகள் உண்டு. ஜி.ரி.எச்.எல். அணிகளிலும் பெண்பிள்ளைகள் சேரலாம். சின்ன வயதில் எந்தப் பக்கம் என்பது ஓட்டத் தூரத்தைப் பொறுத்தது. மோதல் தொடங்கும் வயதில் (14ஆம் பதில்) பலர் பெண்கள் அணிக்கு மாறுகிறார்கள். 2024 ஜனவரியில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கி, ரொறன்ரோவுக்கு செப்ரர்ஸ் அணியும் வந்தபின் பதிவுக்கு நெரிசல். முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

21. ட்ரிபிள் ஏ விளையாடினால் ஓ.எச்.எல்., என்.எச்.எல்., ஸ்கொலர்ஷிப் எல்லாம் வருமா?

படிமுறை இதுதான்: யூ16 வருடத்தில் ட்ரிபிள் ஏ அணிகளை ஓ.எச்.எல். (ஒன்ராறியோவின் மேல்நிலை ஜூனியர் லீக்) தேர்வாளர்கள் பார்ப்பார்கள், அந்த வருடத்தின் முடிவில் தெரிவு. ஜோன் ரவாரஸ் 2005இலும், கொனர் மக்டேவிட் 2012இலும், டொன் மில்ஸ் ஃப்ளையர்ஸிலிருந்து ஷேன் றைற் 2019இலும் ஒரு வருடம் முந்தியே விதிவிலக்குப் பெற்றுப் போனார்கள். இப்படிப்பட்டவர்களைக் கை விரலில் எண்ணலாம் என்பதால்தான் பெயர் நினைவிருக்கிறது. ஒன்பது வயதில் ட்ரிபிள் ஏயில் இருப்பதற்கும் இதற்கும் நேர்த் தொடர்பு குறைவு. யூ16இல் யார் நிற்கிறார்கள் என்பதே தேர்வாளருக்கு.

படிப்பைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. முன்பு ஓ.எச்.எல்.லில் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி மூடிவிடும். 2024 நவம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதை மாற்றி, 2025 ஓகஸ்ட் 1இலிருந்து இரண்டுக்கும் வழி விட்டது. 'ஓ.எச்.எல். போனால் ஸ்கொலர்ஷிப் போச்சு' என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. ஓ.எச்.எல். அணிகளும் விளையாடிய பருவங்களுக்கு ஏற்பக் கல்விக் கட்டணம் தரும் ஒப்பந்தம் செய்கின்றன. எதற்கும் பள்ளிப் புள்ளிகள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே என்.சி.ஏ.ஏ. ஏற்கும் பாடங்களை எடுக்கிறாரா என்று பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள், பன்னிரண்டில் கேட்டால் திருத்தமுடியாது.

யூ14, யூ15 காலத்தில் 'குடும்ப ஆலோசகர்' என்று சிலர் தொலைபேசி எடுப்பார்கள். காசு முன்கூட்டிக் கேட்பவருக்கும், ஒரு குறிப்பிட்ட அணியில் இடம் வாங்கித் தருவேன் என்பவருக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றவர் நல்லவராக இருந்தாலும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, இப்போது அவரிடம் இருக்கும் இரண்டு குடும்பங்களோடு கதைத்தபிறகே கையெழுத்து.